வெண்கலத் தொண்டை

பிப்ரவரி 6

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை, அதனால் வெறும் தம்பி. நீ ஆபரேஷன் செய்துகொண்ட நாளிலிருந்து இந்த இரண்டு வருஷமாக அக்கா என்று ஒருத்தி இருப்பதே உனக்கு ஞாபகம் இல்லை. நானும் ரோஷக்காரிதான், விட்டுவிட்டேன். இப்போது எழுதுவது பாசம் பொங்கி அல்ல. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

உனக்கு வந்த அதே கழுத்துக் கோளாறு எனக்கும் வந்துவிட்டது. வீட்டைப் பிரித்துக் கொடுக்காத அப்பா, கழுத்தை மட்டும் இருவருக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முதலில் விரல் நுனி மரத்தது. தையல் கடையில் நான் வெட்டிக் கொடுத்தால்தான் மற்றவர்கள் மெஷினில் உட்கார முடியும், உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு கோட்டுத் துணியை வெட்டும்போது கத்தரி சாக்பீஸ் கோட்டைத் தாண்டித் துணியின் தோள் பாகம் வரைக்கும் போய்விட்டது. போனது எனக்குத் தெரியவே இல்லை. இன்னொரு நாள் குண்டூசி விரலில் ஏறியிருக்கிறது, துணியில் ரத்தம் பட்ட பிறகுதான் பார்த்தேன். இப்போது செருப்பு வேறு. கடைக்குப் போய்ச் சேர்ந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை, எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நெருக்குகிறதாம். தொண்டைக்குப் பக்கத்தில் முன்பக்கமாகக் கீறி, உள்ளே போய், அந்தத் தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்பு மாதிரி ஒரு துண்டை வைத்து, உலோகத் தகடு போட்டு ஸ்குரூவால் முடுக்கிவிடுவாராம் டாக்டர். “சின்ன விஷயம்தாம்மா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார். கேட்காமலே ‘சாயம் போகாது’ என்று சொல்கிற கடையில் நான் துணி எடுப்பதில்லை. இவர் சிரிப்பும் எனக்கு அந்த மாதிரிதான் பட்டது.

உன் மாமாவும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் இல்லையா, “தேஞ்ச பார்ட்டை மாத்துறாங்க, அவ்வளவுதானே” என்கிறார். என்னைத் தள்ளிவிட இவ்வளவு அவசரம் ஏன் என்று எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்கு அடிக்கடி ஒரு போன் வருகிறது. நான் எடுத்தால் பேச்சில்லை, மூச்சுதான். அவர் எடுத்தால் மூலைக்குத் திரும்பிக்கொண்டு குசுகுசு. யாரென்று கேட்டால் ராங் நம்பராம். அந்தக் கதை இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ ஆபரேஷனுக்குப் போகுமுன் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. என்னிடம் துணி கொடுக்கும் ஒரு டீச்சரம்மாவுக்கு இதே ஆபரேஷனில் குரல் போய்விட்டது, நீ ஏலம் கூறிப் பிழைக்கிறவன், கழுத்தில் கத்தி வைக்காதே என்றேன். நீ கேட்கவில்லை. “தொண்டை போச்சுன்னு அப்புறம் என் முன்னாடி வந்து நிக்காதே” என்று சொல்லி போனை வைத்தேன். அதற்குத்தானே இந்த இரண்டு வருஷ வீம்பு?

இப்போது கேட்கிறேன், பதில் சொல். குரல் எப்படி இருக்கிறது? சாப்பாடு சிரமமில்லாமல் இறங்குகிறதா? பழையபடி ஏலம் கூறுகிறாயா?

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ‘அன்புள்ள’ என்று போட்டதையும் தையல் பிரித்துப் பார்ப்பாய். பார்த்துக்கொள், உள்ளே ஒன்றும் ஒளித்துத் தைக்கவில்லை.

செருப்பு கழன்று போனது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. எனக்கு வலது கையில் தோளிலிருந்து கட்டைவிரல் வரை வலிதான். அந்த வலி ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதே போய்விட்டது. கை இப்போது நன்றாக இருக்கிறது. என் கையெழுத்தைப் பார், ஒரு எழுத்தாவது நடுங்குகிறதா? அப்போது பேனாவே பிடிக்க முடியாமல் இருந்தவன் நான்.

சாப்பாடு இறங்குகிறது. முதலில் கொஞ்ச நாள் கஞ்சியும் தயிரும்தான். பிறகு மெதுவாகப் பழகிவிட்டது. தண்ணீரை மட்டும் இன்னும் நிதானமாகக் குடிக்கிறேன், அவசரப்பட்டால் புரையேறும். பழைய சாமான் ஏலக் கூடத்தில் வேலை எப்போதும் போல நடக்கிறது. போன வாரம் ஒரு பழைய பியானோ வந்தது, பாதிக் கட்டைகள் இல்லை, அதற்குக் கூட நல்ல போட்டி.

தள்ளிப் போடாதே அக்கா. மாமா சொல்வதைக் கேள். அவர் உனக்குக் கெடுதல் நினைக்கிறவர் இல்லை.

உன் தம்பி


பிப்ரவரி 23

தம்பிக்கு,

நீ சொன்னபடியே பிரித்துப் பார்த்தேன். நன்றாகவே ஒளித்துத் தைத்திருக்கிறாய்.

உங்கள் கூடத்து வழக்கத்தை நீயே எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். விற்கிற சாமானில் குறை இருந்தால் ஏலம் கூறுகிறவன் தானாகச் சொல்ல மாட்டான், ஆனால் யாராவது நேராகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டான். அதனால்தான் நேராகக் கேட்டேன். குரல் எப்படி என்று கேட்டேன், கை நன்றாக இருக்கிறது என்கிறாய். ஏலம் கூறுகிறாயா என்று கேட்டேன், வேலை நடக்கிறது என்கிறாய். யார் நடத்துகிறார்கள்? பியானோவுக்குப் போட்டி இருந்ததாம். யார் கூறினது? ‘நான் கூறினேன்’ என்று எழுதியிருந்தால் நாலெழுத்து கூடியிருக்கும், மை தீர்ந்து போயிருக்காது.

உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலேயே என் ரிப்பன், என் சீப்பு, எனக்கு வந்த சாக்லேட் எல்லாவற்றையும் கட்டில் மேல் ஏறி நின்று ஏலம் போடுவாய். தெருக்கோடி வரை கேட்கும். வெண்கலத் தொண்டை என்று பெயர் வைத்ததே பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கத்திவிட்டு மூன்றாவதைச் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாய். சாமான் என்னுடையது, நான் வாயைத் திறந்து ‘மூணு தரம்’ சொன்னால்தான் ஏலம் முடியும். அப்படிப்பட்ட நீ ஒரு பியானோவைக் கூறி விற்றிருந்தால் ரெண்டு பக்கத்துக்கு அளந்திருப்பாய்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அக்கா வீட்டுக்கு எவனோ பேசாமல் போன் பண்ணுகிறான் என்று எழுதினேன். பழைய தம்பியாக இருந்தால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்திருப்பான். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மாமா நல்லவர் என்று மட்டும் சர்டிபிகேட். உனக்கும் அவருக்கும் பேச்சே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், நீ எதை வைத்துச் சர்டிபிகேட் கொடுக்கிறாய்?

முந்தாநாள் நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வரும்போது உன் மாமா போனில், “சாப்பிட்டியா? தொண்டையைக் கெடுத்துக்காதே” என்கிறார். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டு, ராங் நம்பர் என்கிறார். ராங் நம்பரைப் பார்த்துச் சாப்பிட்டியா என்று கேட்கிற மனுஷனை நீ எங்காவது கண்டதுண்டா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தொண்டையைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. யாரோ ஒருத்தி இருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவருக்கு வசதி. சிரிப்பு டாக்டரோடு தனியாகப் பேசிவிட்டு வேறு வந்தார்.

தேதி குறிக்கச் சொல்கிறார்கள். நான் குறிக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து எதையோ மறைக்கும்போது நான் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு போக முடியாது.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை இப்படிப் பேசாதே. கை கூப்பிக் கேட்கிறேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அது ராங் நம்பராகத்தான் இருக்கும், விட்டுத் தள்ளு.

எனக்கு இப்போது கவலை வேறு. கை மரத்துப் போவதும் கால் செருப்பைத் தவறவிடுவதும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. தண்டுவடம் நெருக்கப்படுகிறது என்றால் இன்றைக்கு விரல், நாளைக்கு நடை, அப்புறம் பாத்ரூம் போவது கூட உன் கையில் இருக்காது. என் டாக்டர் இதைச் சொல்லி எச்சரித்தார். ஆபரேஷன் செய்தால் போனதெல்லாம் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள், மேலே மேலே போகாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். அதனால் எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு மிச்சம்.

இது எல்லாம் உனக்குத் தெரிந்தும் வீம்பு பிடிக்கிறாய். குளியலறை வாசலில் அப்படி விழுந்த பிறகுமா உனக்கு யோசனை? இந்தக் கழுத்தோடு ஒரு தடவை தலைகுப்புற விழுந்தால் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. என் குரலைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு உன் காலைப் பார். தேதி குறி.

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன், குளியலறை வாசல் என்ற வரி வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

நான் விழுந்தது யாருக்கும் தெரியாது. உன் மாமா அப்போது வேலைக்குப் போயிருந்தார். முழங்கையில் அடி, அவர் பார்க்காமல் இருக்க முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டேன். சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விடுவார் என்று கடையிலும் வாய் திறக்கவில்லை. உனக்கும் எழுதவில்லை, நான் எழுதியது எனக்குத் தெரியும்.

நான் ஒரே ஒருத்தரிடம்தான் சொன்னேன். அன்று போன் அடித்தது. ஈரக் காலோடு ஓடிவந்தேன், வாசலில் கால் மடங்கி விழுந்தேன். தவழ்ந்து போய் எடுத்தால் வழக்கம்போல மூச்சுச் சத்தம். ஆத்திரத்தில் கத்தினேன். “குளியலறை வாசல்ல விழுந்து எழுந்து வர்றேன், வாயைத் திறக்க மாட்டியா? நீ நல்லா இருப்பியா?” என்று கேட்டேன். அதற்கு மேலும் கேட்டேன், அதை எழுத மாட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் உடனே வைக்கவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்தது.

அந்தப் பக்கம் இருந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது நேராக ஒரு கேள்வி. சுற்றி வளைக்காதே, கையைப் பற்றியும் பியானோவைப் பற்றியும் பேசாதே. போன் பண்ணுகிறது நீயா? நீ என்றால், ஏன் பேசவில்லை?

அக்கா


மார்ச் 18

அக்கா,

நான்தான்.

பேசவில்லை, பேச முடியவில்லை. பேசினால் உனக்குத் தெரிந்துவிடும்.

நேராகக் கேட்டுவிட்டாய், வரிசையாகச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கையைத் தூக்கிப் பார்த்தேன். வலி இல்லை. சந்தோஷத்தில் நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று வந்தது. தொண்டைக்குள் டியூப் போட்டது, வீக்கம், ரெண்டு நாளில் சரியாகும் என்றார்கள். ரெண்டு நாள் வாரமாகி, வாரம் மாதமாகியது. பிறகு தொண்டை டாக்டர் மூக்கு வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் இரண்டில் ஒன்று அசைகிறது, மற்றது படுத்துக்கிடக்கிறது. அதற்குப் போகிற நரம்பு ஆபரேஷன் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறதாம். வழி விட ஒதுக்கிப் பிடித்ததில் அது நொந்துவிட்டது. நிறையப் பேருக்குத் தானாகத் திரும்பிவிடும், எனக்குத் திரும்பவில்லை. படுத்த நாணில் ஊசி போட்டு அதைக் கொஞ்சம் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கும். போனில் கரகரவென்று ஏதோ காகிதம் கசக்குவது போலத்தான் இருக்கும்.

மேடையில் இப்போது வேறொருத்தர் கூறுகிறார். நான் கீழே நின்று சாமானுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். கால் ஆடுகிற மேஜை, கண்ணாடி போன பீரோ, எல்லாவற்றுக்கும் குறையைச் சீட்டிலேயே எழுதுகிறேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

என் டாக்டர் என்னை ஏமாற்றவில்லை அக்கா. அதையும் சொல்ல வேண்டும். குரல் கம்மலாம், விழுங்கச் சிரமம் வரலாம், தோள் பலவீனமாகலாம், ரத்தம் கட்டி மூச்சு முட்டலாம் என்று எல்லாம் சொன்னார். நான் தலையாட்டினேன். ஏலத்தில் எத்தனையோ பேர் கை தூக்குகிறார்கள், சாமான் ஒருத்தருக்குத்தான் போகிறது. அந்த ஒருத்தன் நானாக இருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். தினம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கே அது உறைக்கவில்லை.

உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ சொன்னதே நடந்துவிட்டது. தொண்டை போனால் முன்னால் வந்து நிற்காதே என்றாய். நிற்கவில்லை. ஆனால் உன் சத்தத்தைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. நீ ‘யாரு, யாரு’ என்று கேட்டுத் திட்டுவாய், கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஒருநாள் மாமா எடுத்தார். பேசிப் பார்த்தேன். அவர் அசையாமல் கேட்டுவிட்டு, “மெதுவா சொல்லுப்பா, எனக்குப் புரியுது” என்றார். அன்றிலிருந்து அவரிடம் பேசுகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சத்தியம் வாங்கினேன். பாவம், ராங் நம்பரைத் தவிர அவருக்கு வேறு பொய் தெரியவில்லை.

உன் ஸ்கேன் விஷயம் வந்த பிறகு மறைக்க இன்னொரு காரணமும் சேர்ந்தது. எனக்கு இப்படி ஆனது தெரிந்தால் நீ ஆபரேஷனுக்கே போக மாட்டாய், படுத்த படுக்கையாகிவிடுவாய் என்று பயந்தேன். அன்று நீ விழுந்தது என் போனுக்கு ஓடிவந்து. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் போன் பண்ணவில்லை.

எல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது நீ என்ன செய்யப் போகிறாய்?

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை. கோபத்தில் போனில் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஒருத்தன் நிற்பானா? நான் எத்தனை தடவை உன்னைத் தொலைந்து போ என்று திட்டியிருக்கிறேன், அப்போதெல்லாம் தொலையாமல் சாப்பிட வந்து உட்கார்ந்தாயே.

உன் மாமாவைப் பிடித்தேன். ‘ராங் நம்பர் சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் லிஃப்ட் நடுவில் நின்ற மாதிரி நின்றார், பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டரைத் தனியாகப் பார்த்தது கூட உன் விஷயத்தைச் சொல்லி, இவளுக்கும் அப்படி ஆகுமா என்று கேட்கத்தானாம். அவரைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தம்தான். ஆனால் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, இனிமேலும் கொஞ்சம் பயம் இருக்கட்டும்.

அப்புறம் சிரிப்பு டாக்டரிடம் போனேன். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டே போனேன். “சின்ன விஷயம்னு சொல்லாதீங்க. என் தம்பிக்குக் குரல் போயிருக்கு. உங்க கையில எத்தனை பேருக்குப் போச்சு?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவர் டாக்டர் மாதிரித் தெரிந்தார்.

சிலருக்குக் குரல் கம்மியிருக்கிறது, பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பியிருக்கிறது, திரும்பாதவர்களும் உண்டு என்று ஒத்துக்கொண்டார். விழுங்கும்போது அடைக்கிற மாதிரி இருக்கும், அது ரொம்பப் பேருக்கு வருமாம். வைத்த துண்டு எலும்போடு சேராமல் போகலாம், சீழ் பிடிக்கலாம், வருஷங்கள் கழித்துப் பக்கத்துத் தட்டும் தேயலாம். முதல் ராத்திரி கழுத்துக்குள் ரத்தம் கட்டுகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பார்களாம், மூச்சு முட்டினால் உடனே சொல்ல வேண்டுமாம். அபூர்வமாகக் கை கால் விழுந்துவிடுவதும் உண்டு என்றார். அதைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். பின்பக்கமாகச் செய்ய முடியாதா என்று கேட்டேன். சிலருக்கு அதுதான் நல்லது, உங்களுக்கு நெருக்குவது முன்பக்கத்திலிருந்து, ஒரே தட்டு, அதனால் முன்வழிதான் சரி என்று ஸ்கேனைக் காட்டி விளக்கினார். இதையெல்லாம் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்கள் பயந்து ஓடிவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்கிறார். நீ, உன் மாமா, டாக்டர், மூன்று பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். செருப்பு கழன்ற அன்றோடு நான் ஓடுவது நின்றுவிட்டது என்று உங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சொல்லாமல் மறைத்தபோதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் பயம் இருக்கிறது, ஆனால் அது எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. அதை வைத்து வெட்ட முடியும். எனக்குப் பிழைப்பு விரலில். துணியோடு பேச வேண்டியதில்லை. குரல் போனால் நஷ்டம் உன் மாமாவுக்குத்தான், திட்டு வாங்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஏப்ரல் ஒன்பது என்று குறித்துவிட்டேன். முட்டாள்கள் தினத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று கொஞ்சம் தள்ளி.

ஒரு நிபந்தனை. நான் வீடு திரும்பிய பிறகு போன் பண்ணு. பேசு. காகிதம் கசக்கினால் கசக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வருகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன், நீ வேண்டாம் என்றாயாம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தால் எழுந்து ஓடிவிடுவாய் என்று சொன்னாயாம். உன் பயத்தை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே. சரி.

எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. உனக்கு ஏதாவது ஆனால் என்னை மாதிரி மறைக்காதே. ‘நன்றாக இருக்கிறேன்’ என்று ஒற்றை வரி வந்தால் நான் நம்ப மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். சந்தேகப்பட உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன்.

போன் பண்ணுவேன். என்ன பேசுவது என்று இப்போதிலிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கொஞ்ச வார்த்தைதான் வரும், மூச்சு தீர்ந்துவிடும். போனை நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல். எழுந்து ஓடிவராதே.

உன் தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

‘அன்புள்ள’ போட்டுவிட்டேன், பார்த்தாயா. திருப்திதானே.

குறையை முதலில் எழுதுகிறேன், உன் சீட்டு மாதிரி. கழுத்தில் பட்டை போட்டிருக்கிறார்கள், திரும்பிப் பார்க்க வேண்டுமானால் ஆளே திரும்ப வேண்டும். சோற்றைக் குழைத்துத்தான் விழுங்குகிறேன், பாதி வழியில் நின்று யோசித்துவிட்டு இறங்குகிறது. முதல் ராத்திரி முழுக்க ஒரு நர்ஸ் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது விரல்கள் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன. வலது கையில் மட்டும் உணர்ச்சி வருகிறது. குண்டூசியால் குத்திப் பார்த்தேன், வலித்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை குத்தினேன், அதுவும் வலித்தது. அந்த வலிக்கு உன் மாமா பாயசம் வைக்காத குறை. வாசல் வரை நடந்தேன், இரண்டு செருப்பும் காலில் இருந்தன.

குரல் இல்லை. கண் விழித்ததும் நர்ஸைக் கூப்பிட்டேன், காற்றுதான் வந்தது. அப்போது பயந்து நடுங்கிவிட்டேன் தம்பி, அதை மறைக்க மாட்டேன். உன் கடிதத்தில் படித்தது அப்படியே எனக்கு நடக்கிறது. டாக்டர் தொண்டைக்குள் பார்க்கச் சொன்னார். நாண் இரண்டும் அசைகிறதாம், ஒன்று கொஞ்சம் சோம்பலாக. வந்துவிடும் என்கிறார். சிரிக்காமல்தான் சொன்னார். இருந்தாலும் வந்த பிறகு நம்பிக்கொள்கிறேன்.

இப்போது நேற்று நடந்தது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்தப் பக்கத்தில் நடந்தது தெரியாதே. போன் அடித்தது. உன் மாமா பழக்க தோஷத்தில் எடுக்க வந்தார், கையைத் தட்டிவிட்டேன். காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம். ‘பேசுடா’ என்று சொல்ல வாயைத் திறந்தால் எனக்கும் மூச்சுதான் வருகிறது. இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தோம். உன் மாமா ஒன்றும் புரியாமல் பார்க்கிறார்.

அப்புறம் கேட்டது. உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி, எங்கோ தூரத்திலிருந்து, “ஒரு தரம்” என்றாய். நின்று மூச்சு வாங்கினாய். “ரெண்டு தரம்” என்றாய். அதோடு நிறுத்திக்கொண்டாய்.

என் முறை என்று எனக்குத் தெரிந்தது. கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து, இருக்கிற காற்றையெல்லாம் சேர்த்து மூன்றாவதைச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் நீ அழுதது நன்றாகக் கேட்டது.

என் குரல் வந்தாலும் வரட்டும், வராவிட்டாலும் போகட்டும். நாளைக்கும் போன் பண்ணு. இனிமேல் யாரென்று கேட்க மாட்டேன்.

உன் அக்கா